கிரஹாம் பெல்லும் கிடைக்காத குண்டும்

(மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தகவல் தொடர்பியல்)

டெசிபல் என்ற வார்த்தையை எழுதாமல் எங்கள் பிரிவில் ஒருத்தரும் டிப்ளமோ முடித்ததில்லை. ஆம்ப்ளிஃபையர் கெயின் என்றால் டெசிபல், ஃபில்டர் ரெஸ்பான்ஸ் என்றால் டெசிபல், ஆன்டெனா என்றாலும் அதே டெசிபல்தான். அந்த வார்த்தையின் வாலில் தொங்கிக்கொண்டிருக்கும் 'பெல்' ஒரு மனிதரின் பெயர் என்பது நம்மில் எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? அலெக்சாண்டர் கிரஹாம் பெல். டெலிபோனைக் கண்டுபிடித்தவர் என்று மூன்றாம் வகுப்பிலேயே படித்து, அதோடு மறந்துவிட்டோம்.

நான் இங்கே எழுத வந்தது டெலிபோன் கதையை அல்ல நண்பர்களே. அதே பெல், 1881-ம் ஆண்டு கோடையில், ஒரு மனிதரின் உடம்புக்குள் புதைந்த துப்பாக்கிக் குண்டைத் தேட ஒரு கருவி செய்தார். இன்றைக்கு விமான நிலைய வாசலில் நாம் கடந்து போகிற மெட்டல் டிடெக்டருக்கு அது தாத்தா முறை. அந்தக் கருவி வேலை செய்தது. ஆனாலும் குண்டு கிடைக்கவில்லை. ஏன்? டெஸ்ட் அண்ட் மெஷர்மென்ட் படிக்கிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய பதில் அது என்று எனக்குத் தோன்றியதால்தான் இந்தக் கட்டுரை.

காது கேளாத வீட்டுப் பிள்ளை

பெல் பிறந்தது 1847 மார்ச் 3-ம் தேதி, ஸ்காட்லாந்தின் எடின்பரோவில். அப்பா மெல்வில் பெல் பேச்சுப் பயிற்சி ஆசிரியர். வாய், நாக்கு, தொண்டை எப்படி அசைந்தால் எந்த ஒலி வரும் என்பதைக் குறியீடுகளால் எழுதிக்காட்டும் ஒரு முறையை உருவாக்கியவர். அம்மா எலைசாவுக்குக் காது சரியாகக் கேட்காது. ஆனாலும் பியானோ வாசிப்பார். ஒலியைப் பற்றியே பேசிப் பேசி வளர்ந்த வீடு. பிள்ளை வேறு எந்தப் பக்கம் போவான்?

ஆனால் அந்த வீட்டில் துக்கமும் இருந்தது. பெல்லுக்கு அண்ணன் ஒருவர், தம்பி ஒருவர். இரண்டு பேரையும் காசநோய் கொண்டுபோய்விட்டது. மிஞ்சிய ஒரே பிள்ளையையாவது காப்பாற்ற வேண்டுமே என்று 1870-ல் குடும்பமே கப்பலேறி கனடாவுக்குப் போனது. மறு வருடம் பெல் பாஸ்டன் நகரில் காது கேளாத குழந்தைகளுக்கு ஆசிரியரானார். பிறகு பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவியும் கிடைத்தது. அவரிடம் படிக்க வந்த மேபல் ஹப்பர்ட் என்ற பெண்ணுக்கு ஐந்து வயதில் வந்த காய்ச்சலால் கேட்கும் சக்தி போய்விட்டிருந்தது. அந்த மேபலைத்தான் 1877-ல் அவர் திருமணம் செய்துகொண்டார்.

டெலிபோன் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பகலில் பள்ளி, இரவில் கம்பியும் காந்தமும். கைக்கு உதவியாக வாட்சன் என்ற பட்டறைத் தொழிலாளி. 1876 மார்ச் 7-ம் தேதி காப்புரிமை, மூன்றே நாளில் கம்பி வழியாக முதல் பேச்சு. எலிஷா கிரே என்பவரும் பெல் விண்ணப்பித்த அதே நாளில் காப்புரிமை அலுவலகத்துக்குத் தன் குறிப்பைக் கொடுத்திருந்ததால் வழக்குகள் வருடக்கணக்கில் நடந்தன. எல்லாவற்றையும் தாண்டி அந்தக் கருவி உலகம் சுற்றியது. 1882-லேயே கல்கத்தா, பம்பாய், மதராஸ் மூன்று ஊர்களிலும் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வந்துவிட்டது என்றால் வேகத்தைப் பாருங்கள்!

1880-ல் பிரெஞ்சு அரசு பெல்லுக்கு வோல்டா பரிசாக 50,000 ஃபிராங்க் கொடுத்தது. அந்தப் பணத்தில் வாஷிங்டனில் ஒரு ஆய்வுக்கூடம் வைத்தார். சம்னர் டெயின்டர் என்ற கருவி நிபுணரோடு சேர்ந்து ஒளிக்கதிர் வழியாகப் பேச்சை அனுப்பும் ஃபோட்டோஃபோனைச் செய்தது அந்த வருடம்தான். வயது முப்பத்து மூன்று. பணம், புகழ், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள் எல்லாம் அமைந்துவிட்டன. இதற்கு மேல் அவர் சும்மா உட்கார்ந்திருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

வாஷிங்டனில் இரண்டு குண்டுகள்

1881 ஜூலை 2-ம் தேதி காலை. அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் கார்ஃபீல்டு ரயில் ஏறுவதற்காக வாஷிங்டன் ஸ்டேஷனுக்கு வந்தார். பதவியேற்று நாலே மாதம். கிட்டோ என்ற, பதவி கேட்டுக் கிடைக்காத ஒரு மனநிலை சரியில்லாத ஆள் பின்னாலிருந்து இரண்டு முறை சுட்டான். ஒரு குண்டு கையை உரசிக்கொண்டு போனது. மற்றொன்று முதுகின் வலது பக்கம் நுழைந்து உள்ளே எங்கேயோ தங்கிவிட்டது.

எங்கே என்பதுதான் கேள்வி. எக்ஸ்ரே அப்போது கிடையாது. ரான்ட்ஜன் அதைக் கண்டுபிடிக்க இன்னும் பதினாலு வருடம் இருந்தது. டாக்டர்களுக்குத் தெரிந்த ஒரே வழி, காயத்துக்குள் விரலையும் கம்பியையும் விட்டுத் துழாவுவது. கையைக் கழுவாமலே! கிருமியைப் பற்றி லிஸ்டர் 1867-லேயே எழுதிவிட்டார். 1876-ல் பிலடெல்பியாவுக்கே நேரில் வந்து பேசியும் போனார். அதே ஊர், அதே வருடம், அங்கே நடந்த கண்காட்சியில்தான் பெல் தன் டெலிபோனைக் காட்டினார். டெலிபோனைப் பார்த்து வாய் பிளந்த அமெரிக்கா, லிஸ்டர் சொன்னதை அவ்வளவாகக் காதில் வாங்கவில்லை. அதற்கான விலையை ஐந்து வருடம் கழித்து ஜனாதிபதி கொடுக்க வேண்டியதாயிற்று.

செய்தியைக் கேட்டதும் பெல்லுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சதையைக் கிழிக்காமல், தொடாமலே குண்டு இருக்கிற இடத்தைக் கண்டுபிடிக்க முடியாதா? வானவியல் அறிஞர் சைமன் நியூகோம் வாஷிங்டனில் இதே கேள்வியை மின்சாரத்தைக் கொண்டு ஆராயத் தொடங்கியிருந்தார். பெல் அவரோடு தொடர்பு கொண்டார். டெயின்டரையும் கூட்டிக்கொண்டு இரவு பகலாக வேலையில் இறங்கினார்.

அந்தக் கருவி எப்படி வேலை செய்தது?

நம்ம லேபில் ஏ.சி. பிரிட்ஜ் எக்ஸ்பெரிமென்ட் செய்திருப்பீர்கள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சத்தம் குறைந்து குறைந்து மறைகிற இடத்தில் பாலன்ஸ் என்று ரீடிங் எடுப்போமே, அதே தத்துவம்தான். இதற்கு இன்டக்‌ஷன் பாலன்ஸ் என்று பெயர். இங்கிலாந்தில் டேவிட் ஹியூஸ் என்பவர் 1879-ல் இதை வைத்து உலோகங்களைச் சோதித்துக் காட்டியிருந்தார்.

பெல் இரண்டு தட்டையான காயில்களை எடுத்துக்கொண்டார். ஒன்றில் பேட்டரியும், மின்சாரத்தை விட்டுவிட்டுத் தரும் இன்டரப்டரும். இரண்டாவதில் ஒரு டெலிபோன் ரிசீவர். முதல் காயிலின் காந்தப்புலம் இரண்டாவதில் மின்னழுத்தத்தைத் தூண்டும், ரிசீவரில் உர்ரென்று சத்தம் கேட்கும். இப்போது ஒரு காயிலை மற்றதன் மேல் மெல்ல நகர்த்துங்கள். ஓர் இடத்தில், ஒரு பக்கமிருந்து வருகிற தூண்டலும் மறுபக்கமிருந்து வருகிற தூண்டலும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். சத்தம் அறவே நின்றுவிடும். அதுதான் நல்.

அந்த நிசப்தத்தில் ஒரு உலோகத் துண்டு பக்கத்தில் வந்தால் போதும். அதற்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகிக் காந்தப்புலத்தைக் கலைக்கும். பாலன்ஸ் போச்சு! ரிசீவரில் மறுபடி சத்தம். அறுபது வருடம் கழித்து உலகப் போரில் கண்ணிவெடி தேடியதும் இந்த அடிப்படையில்தான். இன்றைக்கு மண்ணில் நாணயம் தேடுகிறவர்கள் வைத்திருக்கும் கருவிகளில் பலவும் இப்படி ஒன்றன்மேல் ஒன்று பாதி படிந்த காயில்களோடுதான் வருகின்றன.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு கஷ்டங்கள் இருந்தன. முதலாவது, தேடும் பொருள் ஈயம். ஈயத்தின் மின்தடை செம்பைப்போல் சுமார் 12 மடங்கு. அதனால் சுழல் மின்னோட்டம் பலவீனமாகத்தான் வரும். அதிலும் அது ஒரு சின்ன ரிவால்வர் குண்டு. இரண்டாவது, தூரம். சிறிய பொருள் காயிலை விட்டு விலக விலக, அதை எட்டும் காந்தப்புலம் தூரத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறையும். அது திருப்பி அனுப்பும் புலமும் அதேபோல் மும்மடிக்குக் குறையும். இரண்டையும் பெருக்கினால் ஆறாவது அடுக்கு! அதாவது தூரம் இரண்டு மடங்கானால் சிக்னல் 64-ல் ஒரு பங்கு. சென்சிட்டிவிட்டியை இரண்டு மடங்கு கூட்டினால் ஆழமும் இரண்டு மடங்கு கூடிவிடும் என்று நினைக்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒருதரம் போட்டுப் பார்க்கட்டும்.

பெல் விடவில்லை. காயில்களை மாற்றி மாற்றிச் சுற்றினார். மூடிய கைக்குள் குண்டை வைத்துப் பார்த்தார், மாட்டிறைச்சித் துண்டுக்குள் வைத்துப் பார்த்தார். உள்நாட்டுப் போரில் வாங்கிய குண்டை உடம்பிலேயே சுமந்துகொண்டிருந்த பழைய சிப்பாய்களை வரவழைத்துச் சோதித்தார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரோலண்ட் சொன்ன யோசனைப்படி சர்க்யூட்டில் ஒரு கண்டென்சரைச் சேர்த்ததும் கேட்கும் தூரம் கூடியது.

படுக்கையருகே

1881 ஜூலை 26-ம் தேதி மாலை வெள்ளை மாளிகையில் முதல் சோதனை. கார்ஃபீல்டு ஏற்கெனவே எலும்பும் தோலுமாக இருந்தார். பேட்டரியும் இன்டரப்டரும் பக்கத்து அறையில், பெல் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு படுக்கைக்கு அருகில். ஆனால் காதில் விழுந்தது தெளிவான நிசப்தம் அல்ல, சடசடவென்று ஓர் இரைச்சல். ஆய்வுக்கூடத்தில் கேட்ட தூரத்துக்குக்கூட இங்கே கேட்கவில்லை. திரும்பிப் போய்ப் பார்த்தால், அவசரத்தில் கண்டென்சரின் இணைப்பைத் தவறாகக் கொடுத்திருந்தது தெரிந்தது. ஒரே ஒரு கனெக்‌ஷன்! உலகப் புகழ்பெற்ற கைக்கும் அது நடக்கும்.

ஆகஸ்ட் 1-ம் தேதி இரண்டாவது சோதனை. இந்த முறை இணைப்பு சரி, கருவியும் சரி. ஆனால் குண்டு என்றால் ஓர் இடத்தில் மட்டும் கூர்மையாகச் சத்தம் வர வேண்டுமல்லவா? இங்கே பரந்த ஓர் இடம் முழுக்க மெல்லிய துடிப்பு கேட்டது. பெல்லுக்குத் திருப்தி இல்லை. ஆனால் தலைமை மருத்துவருக்குத் திருப்தி! அவர் பெயர் டாக்டர் டாக்டர் வில்லர்ட் பிளிஸ். அச்சுப் பிழை இல்லை நண்பர்களே, பெற்றோர் வைத்த பெயரே 'டாக்டர்' என்றுதான். குண்டு வலது பக்கம் இருக்கிறது என்று முதல் வாரத்திலேயே அவர் முடிவு கட்டியிருந்தார். அதனால் தேடலும் வலது பக்கத்திலேயே நடந்தது. வந்த மங்கலான சத்தத்தை, தான் சொன்னது சரிதான் என்பதற்குச் சான்றாக அவர் எடுத்துக்கொண்டார்.

பெல் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. படுக்கைக்கு அருகில் உலோகம் ஏதும் இருந்ததா என்று விசாரித்தார். அப்போதுதான் வெளியே வந்தது, குதிரைமயிர் மெத்தைக்குக் கீழே எஃகுக் கம்பியால் பின்னிய இன்னொரு மெத்தை இருந்தது என்று! அந்தக் காலத்தில் அது புதுச் சாமான், சில வீடுகளில்தான் உண்டு. இந்தக் கம்பி மெத்தைதான் குற்றவாளி என்று பல புத்தகங்கள் கதையை முடித்துவிடும். ஆனால் பெல் அதே மாதிரி ஒரு மெத்தையைத் தருவித்துக் கருவியை அதன்மேல் ஓட்டிப் பார்த்தார். முழுப் பழியையும் அதன்மேல் போட அவர் தயாராக இல்லை. ஒரு சாக்குக் கிடைத்தும் அதைச் சோதித்துப் பார்த்த அந்தக் குணத்துக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

செப்டம்பர் 19-ம் தேதி, சுடப்பட்ட 79-வது நாள், கார்ஃபீல்டு நியூ ஜெர்சியின் கடற்கரை ஊரான எல்பெரானில் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் உண்மை தெரிந்தது. வலது பக்கம் நுழைந்த குண்டு முதுகெலும்பைத் துளைத்துக்கொண்டு இடது பக்கம் போய், கணையத்துக்குப் பின்னால் ஆழத்தில் அமைதியாக உட்கார்ந்திருந்தது. அதைச் சுற்றி உடம்பே ஓர் உறை கட்டிவிட்டிருந்தது. டாக்டர்கள் குண்டு போன பாதை என்று நினைத்த நீண்ட துவாரம், சீழ் தானாகத் தோண்டிய வழி. கழுவாத விரல்கள் கொண்டுபோன கிருமிகள்தான் அவரைத் தீர்த்தன என்று பிற்கால மருத்துவர்கள் பலர் சொல்கிறார்கள்.

இடது பக்கம் தேடியிருந்தால் கிடைத்திருக்குமா? அவ்வளவு ஆழத்தில் கருவிக்கு எட்டியிருக்குமா என்பதே சந்தேகம். கிடைத்திருந்தாலும் அன்றைய அறுவை சிகிச்சையில் அவர் பிழைத்திருப்பாரா என்பது அதைவிடச் சந்தேகம். ஆனால் வலது பக்கம் இல்லை என்பதையாவது அந்தக் கருவி சொல்லிக்கொண்டிருந்தது. கேட்கத்தான் ஆளில்லை.

தோல்விக்குப் பிறகு

அந்த ஆகஸ்டில் பெல்லுக்கு விழுந்த அடி இது மட்டுமல்ல. 15-ம் தேதி மேபலுக்குக் குறைமாதத்தில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. எட்வர்ட் என்று பெயர். மூச்சு விட முடியாமல் அன்றைக்கே இறந்துபோனது. வேறொருவராக இருந்தால் உடைந்து உட்கார்ந்திருப்பார். இவர் என்ன செய்தார் தெரியுமா? மூச்சு விடத் திணறுகிறவர்களுக்காக, மார்பைச் சுற்றிக் காற்றழுத்தத்தை மாற்றி மூச்சு விடவைக்கும் ஓர் உலோகக் கவசத்தை வடிவமைத்தார். 1928-ல் வந்த இரும்பு நுரையீரலுக்கு அது முன்னோடி.

குண்டு தேடும் வேலையையும் அவர் கைவிடவில்லை. இன்டக்‌ஷன் பாலன்சோடு, ரிசீவரில் இணைத்த மெல்லிய ஊசி ஒன்றையும் செய்தார். ஊசி முனை உடம்புக்குள் இருக்கும் ஈயத்தைத் தொட்டால் ரிசீவரில் டிக்கென்று கேட்கும். எலும்பைத் தொட்டால் கேட்காது. 1882 ஆகஸ்டில் மான்ட்ரியலில் அறிவியலாளர் கூட்டத்தில், தன் சோதனைகள் அனைத்தையும், சறுக்கல்கள் உட்பட, கட்டுரையாகப் படித்தார். அந்த டெலிபோன் ஊசி பிறகு பல மருத்துவர்கள் கையில் நிஜமாகவே குண்டுகளைக் கண்டுபிடித்தது. ஜெர்மனியின் ஹைடல்பர்க் பல்கலைக்கழகம் அவருக்கு மருத்துவத்தில் கௌரவ டாக்டர் பட்டமும் கொடுத்தது.

மீதி வாழ்க்கையும் சும்மா போகவில்லை. ஆறு வயது ஹெலன் கெல்லரை அவர் அப்பா பெல்லிடம்தான் அழைத்துவந்தார். அந்த நட்பு சாகும்வரை நீடித்தது. 1909-ல் பெல் குழுவின் சில்வர் டார்ட் விமானம் கனடாவில் பறந்தது. 1919-ல் அவர் குழுவின் ஹைட்ரோஃபாயில் படகு மணிக்கு 70 மைலைத் தாண்டிச் சாதனை படைத்தது. ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அது நியாயமாகாது. காது கேளாதோர் சைகை மொழியை விட்டு வாயால்தான் பேசப் பழக வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். அவர்கள் ஒருவரையொருவர் மணப்பதையும் அவர் விரும்பவில்லை. அவர் சேவை செய்ய நினைத்த அதே மக்களில் பலர் அதனால் அவர்மேல் இன்றும் வருத்தத்தோடு இருக்கிறார்கள். டாக்டர் பிளிஸைப்போல, தான் நம்பிய பக்கத்தை மட்டுமே பார்க்கிற பழக்கம் பெரியவர்களையும் விடுவதில்லை.

1922 ஆகஸ்ட் 2-ம் தேதி, கனடாவின் பாடெக் என்ற ஊரில் உள்ள தன் வீட்டில் பெல் காலமானார். அடக்கம் நடந்தபோது வட அமெரிக்காவின் டெலிபோன்கள் எல்லாம் ஒரு நிமிடம் மௌனமாயின.

நமக்கு என்ன?

இன்றைய மெட்டல் டிடெக்டரில் சென்சிட்டிவிட்டி என்று ஒரு குமிழ் இருக்கும். புதிதாகக் கையில் எடுக்கிறவர் செய்கிற முதல் காரியம், அதை முழுக்க வலது பக்கம் திருப்புவது. உடனே மண்ணிலுள்ள இரும்புத் தாது, பக்கத்து மின்கம்பி, தன் ஷூவில் உள்ள ஆணி எல்லாம் சேர்ந்து கத்தும். அனுபவசாலி அப்படிச் செய்யமாட்டார். முதலில் காயிலைத் தரைக்கு மேலும் கீழும் ஆட்டி, அந்த மண்ணுக்கு ஏற்ப கிரவுண்ட் பாலன்ஸ் செய்வார். பிறகு சென்சிட்டிவிட்டியை மெல்ல ஏற்றிக்கொண்டே போய், இரைச்சல் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, ஒரு படி கீழே இறக்குவார். கடைசியாக, தெரிந்த ஒரு உலோகத் துண்டைத் தெரிந்த ஆழத்தில் வைத்துச் சரிபார்ப்பார். கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் வேலை தொடங்கும் முன் இந்தச் சரிபார்ப்பைச் செய்யாமல் காலை எடுத்து வைப்பதில்லை. அங்கே தப்புக்கு மறுதேர்வு கிடையாது.

நம்மிடம் கால்வனோமீட்டரும் இருக்கிறது, சி.ஆர்.ஓ.வும் இருக்கிறது. கெயினை ஏற்றத் தெரிந்தால் மட்டும் டெக்னீஷியன் ஆகிவிட முடியாது. கருவி கத்தும்போது, அது தேடுகிற பொருளா, கீழே கிடக்கிற கம்பி மெத்தையா என்று கேட்கத் தெரிய வேண்டும். வந்த ரீடிங் மேலதிகாரி எதிர்பார்த்த இடத்தில் விழவில்லை என்றால், அதை அப்படியே எழுதும் தைரியம் வேண்டும். இன்னொரு பக்கமும் தேடிப் பார்ப்போமா சார் என்று பணிவோடு, ஆனால் தெளிவாகக் கேட்கவும் வேண்டும். நாளைக்கு ஒரு பாய்லரின் பிரஷர் கேஜையோ, ஒரு ஆஸ்பத்திரி மானிட்டரையோ சரிபார்த்துக் கையெழுத்துப் போடப்போவது நாம்தான். அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் ஏதோ ஒரு உயிர் இருக்கும். அதை மறக்காமல் போடுவோம், தோழர்களே!